சிலாப் ஒழுகுது, கொந்தராத்துக்காரர் மிச்சக் காசு கேக்கிறார். எங்க போய்ச் சொல்றது?

இலிகிதர் அக்கா (நாவற்குடா)
2024 டிசம்பர் 2, இரவு 9.40

பாடசாலை ஒண்டில இலிகிதரா இரிக்கிறன். பத்தொன்பது வருஷமா மத்தவங்கட கோப்புக்கு நம்பர் போட்டு, துளை குத்தி, நூல் கட்டி அடுக்கினவள். என்ர வீட்டு வேலைக்கு மட்டும் ஒரு கோப்பு திறக்கல்ல. அதாலதான் இப்ப இஞ்ச வந்து நிக்கிறன்.

பழைய வீட்டுக்குப் பின்னால அஸ்பெஸ்டஸ் சீற் போட்ட குசினிய உடைச்சு, 12க்கு 14 அடியில புதுக் குசினி, ஒட்டி ஒரு குளியலறை, ரெண்டுக்கும் மேல கொங்கிறீற் சிலாப். 18 லட்சத்து 60 ஆயிரத்துக்குப் பேச்சு. கொந்தராத்துக்காரர் சீடாவில, அதாவது கட்டிடக் கொந்தராத்துக்காரரப் பதியிற அரசாங்க அதிகார சபையில, பதிஞ்சவர், சி9 தரம் எண்டு போர்ட்டிலயும் போட்டிரிக்கு. ஊரில ரெண்டு மேசன்மார் குறைச்சுக் கேட்டும் இவருக்குக் குடுத்ததுக்கு அந்தப் போர்டும் ஒரு காரணம். சித்திரை வருஷம் முடியத் தொடங்கி செப்டெம்பர் 10 திறப்புத் தந்தார். 16 லட்சம் குடுத்திட்டன்.

போன கிழமை வெள்ளத்தில முற்றத்தில முழங்கால் தண்ணி. அது எங்களுக்கு வழமை. மேல இருந்து வந்ததுதான் புதினம். பழைய சுவரும் புதுச் சிலாப்பும் சேர்ற இடத்தில, நீளத்துக்குத் தோரணம் கட்டின மாதிரித் துளித் துளியா. தண்ணித் தாங்கிக்குப் போற பைப்படியில இன்னும் மோசம், அங்க ஒழுக்கு நூல் பிடிச்ச மாதிரி விழுது. வாளி, சருவம், கடைசியில பொங்கல் பானையும் வச்சாச்சு.

இன்னும் இரிக்கு. குளியலறையில குளிச்ச தண்ணி ஓட்டைப் பக்கம் போகாம வாசல் பக்கம் வருது, விளக்குமாறால தள்ளி விடுறன். புதுச் சுவர் பழைய சுவரோட சேர்ற மூலையில நேர் கீறலா ஒரு வெடிப்பு. கீழ ரெண்டடிக்குப் பெயின்ற் பொருக்கு விட்டு வெள்ளையாப் பூத்திரிக்கு.

கோல் எடுத்தா முதல் நாள் “மழை விடட்டும் அக்கா, வாறன்.” மறுகா ரெண்டு நாள் ஆன்சர் இல்ல. நேத்து வட்ஸ்அப்பில ஒரு பில்: மிச்சம் 2 லட்சத்து 60 ஆயிரம், மேலதிக வேலை 1 லட்சத்து 85 ஆயிரம், எல்லாமா 4 லட்சத்து 45 ஆயிரம். “இதப் போடுங்க, அடுத்த நாள் ஆள் அனுப்புறன்” எண்டு கீழ.

குளியலறைக்குப் பெரிய டைல்ஸ் நான்தான் கேட்டன். குசினி மேடைய ரெண்டடி நீட்டச் சொன்னதும் நான்தான். மத்ததெல்லாம் கனவில கேட்டனோ தெரியாது.

சிலாப்புக்கு அடிச்ச அவர்ர சட்டரிங் பலகையும் இரும்பு முட்டுகளும் இன்னும் எங்கட பின்வளவில கிடக்கு. குடுக்காத எண்டுறான் தம்பி. நேர பொலிசுக்குப் போ எண்டுறார் கட்டாரில இரிக்கிற இவர். வேலைகாரன்ர வயித்தெரிச்சல் வேணாம் புள்ள, காசக் குடுத்து விடு எண்டுறா அம்மா. மூண்டு பேருக்கும் நடுவில நான் வாளி மாத்திறன்.

சீடாவுக்கு எழுதினா என்னவும் நடக்குமா? இல்லாட்டி வேற எங்க?

---

வாவிக்கரை
2024 டிசம்பர் 2, இரவு 10.05

பொலிசில போடுங்கக்கா. ரெண்டு நாளில ஓடி வருவார். பலகையத் தொட விடாதீங்க.

---

பழைய ரி.ஓ. (செங்கலடி)
2024 டிசம்பர் 3, காலை 5.50

மகள், பொலிசுக்கு முன்னம் ஒரு ஏணிய வச்சு மேல ஏறுங்க. முப்பத்தோரு வருஷம் தொழில்நுட்ப உத்தியோகத்தரா (ரி.ஓ.) கட்டிட வேலை பார்த்தவன் சொல்றன். ஒழுக்கு விழுற இடம் வேற, தண்ணி இறங்கிற இடம் வேற. உங்கட கடிதத்தில ஒழுக்கு ரெண்டு இரிக்கு, ஆனா ஒண்டாக் கட்டி எழுதியிருக்கிறீங்க. பிரிச்சுப் பாக்கணும்.

மழை விட்டு ரெண்டு நாள் காயட்டும். மறுகா பைப்பச் சுத்தி ஒரு சாண் உயரத்துக்கு இல்ல, நாலு அங்குலத்துக்குக் களிமண்ணால வட்டமா வரம்பு கட்டி, அதுக்குள்ள மட்டும் தண்ணி விடுங்க. கீழ ஒரு ஆள் மணிக்கூட்டோட நிக்கட்டும். எத்தினை நிமிஷத்தில துளி வருது எண்டு எழுதுங்க. அது முடிஞ்சு காய விட்டு, அடுத்த நாள் பழைய சுவர் ஓரத்துக்கு நீள வரம்பு. ஒரு அங்குலத் தண்ணி காணும், சதுர மீற்றருக்கு 25 கிலோதான் பாரம். 24 மணித்தியாலம் நிக்கட்டும். ரெண்டையும் ஒரே நாளில செய்தா எதால வந்தது எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது.

குளியலறைக்கு ஒரு பத்து ரூபாக் குத்தியும் பொடியன்மாரிட்ட இருந்து ஒரு போளையும் எடுங்க. குத்தியால ஒவ்வொரு டைலையும் தட்டுங்க. “டக்” எண்டா அடியில சாந்து இரிக்கு, “டொக்” எண்டு கோது தட்டின மாதிரிக் கேட்டா வெறும் இடம். “டொக்” எண்டதுல பென்சிலால புள்ளடி. போளையத் தரையில விட்டா வாட்டம் எந்தப் பக்கம் எண்டு அதுவே சொல்லும். நடக்கிறத போனில வீடியோ எடுங்க.

மூலை வெடிப்பப் பற்றிப் பெரிசாப் பயப்பட வேணாம். பழைய அத்திவாரம் இருந்து அமந்தது, புதிசு இப்பதான் அமருது. ரெண்டையும் சும்மா பூசி ஒட்டினா அந்த இடம் வெடிக்கத்தான் செய்யும். வெடிப்பு முடியுற இடத்தில பென்சிலால கோடு போட்டுத் திகதி எழுதுங்க, தைப்பொங்கலுக்குப் பாருங்க. கோட்டத் தாண்டி ஓடியிருந்தா அது வேற கதை.

உப்புப் பூக்கிறதுக்கு மணலும் காரணமாகலாம், கல்லும் ஆகலாம், குழைச்ச தண்ணியும் ஆகலாம். உங்கட கிணத்துத் தண்ணியிலயா குழைச்சது? நாவற்குடாப் பக்கம் கோடையில தண்ணி வாயில வைக்க ஏலாதே.

கடைசியா ஒரு கேள்வி. சிலாப் எப்ப போட்டது, கொங்கிறீற் இறுக எத்தினை நாள் தண்ணி கட்டினது?

---

கொந்தராத்து நானா (கல்முனை)
2024 டிசம்பர் 3, பகல் 1.15

ஸலாம். நானும் கொந்தராத்துக்காரன்தான், சி8. ஏசுறதெண்டா ஏசுங்க, ஆனா மற்றப் பக்கத்தையும் ஒருத்தன் சொல்லத்தானே வேணும்.

முதல்ல பலகை. அதக் குடுத்திருங்க. எண்ணி, படம் எடுத்து, கையெழுத்து வாங்கிக் குடுங்க. அந்தாள் அத வாடகைக்கு எடுத்திருந்தா நாளுக்கு நாள் வாடகை ஏறுது, அதையும் உங்கட பில்லிலதான் போடுவான். இன்னொண்டு, அடுத்தவன்ட சாமானப் பிடிச்சு வச்சிரிக்கிற ஆள் பொலிசுக்குப் போனா முதல் கேள்வி அவருக்குத்தான் வரும்.

காசப் பிடிச்சு வைக்கிறதில பிழை இல்ல. எவ்வளவு எண்டதிலதான் கதை இரிக்கி. அரசாங்க வேலையில எங்களுக்கு ஒவ்வொரு பில்லிலயும் பிடிப்பாங்க, மொத்தத்தில 5 வீதம் வரைக்கும் கிடக்கும், குறை வந்தா நாங்க செய்யணும், செய்யாட்டி அந்தக் காசில அவங்க செய்விப்பாங்க. உங்கட 18 லட்சத்து 60க்கு 5 வீதம் 93 ஆயிரம். நீங்க பிடிச்சிரிக்கிறது 14 வீதம். அந்தாளுக்கு மேசன் பாஸ்மாருக்குச் சம்பளம் குடுக்கணும், ஹாட்வெயார் கடனும் இரிக்கும். அதுக்காக ஒழுகுற சிலாப்ப நியாயம் எண்டு நான் சொல்லல்ல.

ரெண்டு தாள் எடுங்க. ஒண்டில குறை மட்டும். மற்றதில மேலதிக வேலை மட்டும். குறையப் பேசக்குள்ள அந்தாள் கணக்கப் பேசுவான், கணக்கப் பேசக்குள்ள நீங்க குறையப் பேசுவீங்க. எங்கட தொழில்ல எல்லாச் சண்டையும் இப்பிடித்தான் மூண்டு வருஷம் போறது.

அக்ரிமென்ட் என்ன சொல்லுது? அதப் போடுங்க பாப்பம்.

---

இலிகிதர் அக்கா (நாவற்குடா)
2024 டிசம்பர் 6, இரவு 8.20

ரி.ஓ. ஐயா சொன்னபடி செய்தன். தம்பி மேல, நான் கீழ, அம்மா வாசல்ல நிண்டு ரெண்டு பேரையும் ஏசிக்கொண்டு.

பைப்படியில 20 நிமிஷத்தில துளி வந்திட்டு. வந்த உடன தம்பி மேல இருந்து கேட்டான்: “அக்கா, இந்த ஓட்டைய ஆர் போட்டது?” எனக்குக் கை கால் ஓடல்ல. தாங்கி வச்சது செப்டெம்பர் கடைசியில. கொந்தராத்துக்காரர் திறப்புத் தந்து போன பிறகு, நான் கூட்டி வந்த பிளம்பர் பொடியன் றில் பண்ணிப் பைப்ப விட்டவன். அவருக்கும் அந்த ஓட்டைக்கும் சம்பந்தமே இல்ல. இதுவரைக்கும் அவருக்குப் போட்ட எல்லா வொய்ஸிலயும் நான் முதல்ல சொன்னதே பைப்படி ஒழுக்கத்தான். மனிசன் ஏன் போன் எடுக்கல்ல எண்டு இப்பதான் கொஞ்சம் விளங்குது.

ஆனா அடுத்த நாள் சுவர் ஓரத்துக்குத் தண்ணி கட்ட, அஞ்சு மணித்தியாலத்தில அந்தத் தோரணம் திரும்ப வந்திட்டு. அது அவர்ர வேலை, அதில மாற்றம் இல்ல. குளியலறைத் தரையில 20 டைல்ஸ், அதில ஏழு “டொக்”. சுவரில ஆறு. போளை மூண்டு தரம் விட்டன், மூண்டு தரமும் வாசலுக்கே வந்திச்சு.

சிலாப் போட்டது ஜூலை 25. அடுத்த நாளே மாமாங்கத் திருவிழாவுக்கு வேலைக்காரர் எல்லாரும் போயிட்டாங்க. நீங்க தண்ணி ஊத்துங்கக்கா எண்டு சொல்லிப் போனவங்க. நாலு நாள் ஊத்தினன். மறுகா ஆடி அமாவாசைத் தீர்த்தம், வீட்டுக்கு வந்த சனம், மறந்திட்டன். கச்சான் காத்து வேற சுள்ளெண்டு அடிச்சது. குழைச்சது எங்கட கிணத்துத் தண்ணிதான் ஐயா, பிடிச்சிட்டீங்க.

அக்ரிமென்ட் ரெண்டு பக்கம். மேலதிக வேலையப் பற்றி ஒரு வரியும் இல்ல. ஆனா கடைசியில அவர்ர கையெழுத்திலயே “வேலைப் பிழை வந்தால் ஒரு வருடத்துக்குள் செய்து தரப்படும்” எண்டு இரிக்கு. இன்னொண்டும் கண்டன். அக்ரிமென்ட் அவர்ர சொந்தப் பேரில. போர்டில இரிக்கிறது ஒரு கொம்பனிப் பேர். சீடாப் பட்டியல்ல தேடினா கொம்பனிதான் வருது.

---

சட்டம் படிச்சவன்
2024 டிசம்பர் 6, இரவு 11.30

அக்கா, உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது ஒரு திகதி. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குச் சேவை ஒன்றைப் பற்றி முறைப்பாடு செய்வதென்றால், அந்தச் சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உள்ளது. செப்டெம்பர் 10 திறப்புத் தந்தார் என்றால் இன்னும் நாலு நாள்தான். 1977க்கு அடித்து விபரம் கேளுங்கள், ஆனால் கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்துவதை உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

சீடா என்பது 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது, முன்பு இக்டாட் என்று இருந்தது. சவ்சிரிபாய, விஜேராம மாவத்தை, கொழும்பு 7. அவர்கள் உங்கள் சிலாப்பைத் திருத்தித் தர மாட்டார்கள், காசும் வாங்கித் தர மாட்டார்கள். அவர்கள் கையில் இருப்பது பதிவு. பதிவில்லாமல் அரசாங்க டென்டருக்குப் போக முடியாது என்பதால் பதிவுள்ளவருக்கு அந்தக் கடிதம் உறைக்கும். உங்கள் விஷயத்தில் இன்னும் உறைக்கும், ஏனென்றால் பதிவு ஒருவர் பேரில், ஒப்பந்தம் வேறொருவர் பேரில். கடிதத்தின் பிரதியை அந்தக் கொம்பனி விலாசத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அந்த உரிமையாளருக்குத் தெரியாமலே போர்டு உங்கள் வேலியில் தொங்கியிருக்கலாம்.

இதற்கெல்லாம் முதல், அவருக்கே ஒரு கடிதம். இன்ன குறை, இன்ன பரிசோதனை, 14 நாளுக்குள் வந்து பாருங்கள், வராவிட்டால் வேறு ஆளை வைத்துச் செய்து செலவைக் கழிப்பேன் என்று. அந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுக்காமல் நீங்களே உடைத்துத் திருத்தினால், பிழை எது என்று காட்டப் பிறகு ஒன்றும் மிஞ்சாது.

பொலிஸ் இதில் விசாரிக்கக் குற்றம் எதுவும் இல்லை, இது சிவில் பிணக்கு. கூப்பிட்டுக் கதைத்து விடுவார்கள், அவ்வளவுதான். நான் சொல்வது மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம். நீங்கள் ஒருவரைத் தெரிவீர்கள், அவர் ஒருவரைத் தெரிவார், அந்த இரண்டு பேரும் சேர்ந்து தலைவரைத் தெரிவார்கள். சட்டத்தரணி பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். தொகைக்கு ஒரு வரம்பு உண்டு, விண்ணப்பம் கொடுக்கும்போதே கேளுங்கள். இணக்கம் வராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதோடு மாவட்ட நீதிமன்றம் போகலாம். எழுத்து ஒப்பந்தம் என்பதால் ஆறு வருடம் இருக்கிறது, அவசரம் இல்லை. வட்ஸ்அப் எதையும் அழிக்க வேண்டாம். 2006க்குப் பிறகு அவையும் சாட்சிக்கு எடுபடும்.

---

கொந்தராத்து நானா (கல்முனை)
2024 டிசம்பர் 7, காலை 6.10

பைப்ப லிஸ்டில இருந்து வெட்டுங்க. சும்மா வெட்ட வேணாம். “பைப்படி ஒழுக்கு உங்கட வேலை இல்லை, அதை நான் பார்க்கிறேன்” எண்டு அந்தாளுக்கு எழுதுங்க. தண்ணி ஊத்தாம விட்டதையும் எழுதுங்க. மறைச்சு வச்சா அந்தாள் அதத்தான் பெரிசாத் தூக்கிப் பிடிப்பான்.

---

வாவிக்கரை
2024 டிசம்பர் 7, காலை 9.00

என்ன நானா, அவர்ர ஆளா நீங்க?

---

கொந்தராத்து நானா (கல்முனை)
2024 டிசம்பர் 7, காலை 9.25

அவர ஆரெண்டும் தெரியாது மகன். தெரிஞ்சா இதவிடக் கூட ஏசியிருப்பன்.

---

இலிகிதர் அக்கா (நாவற்குடா)
2025 பெப்ரவரி 23, மாலை 5.10

கேட்டவங்களுக்குப் பதில் எழுதாமப் போறது எனக்குப் பிடிக்காத பழக்கம். அதால எழுதுறன்.

டிசம்பர் 9 நுகர்வோர் அதிகார சபைக்குக் கையில குடுத்தன், முத்திரையோட பிரதி வாங்கினன். அதே நாள் அவருக்கும் சீடாவுக்கும் கொம்பனி விலாசத்துக்கும் பதிவுத் தபால். பலகையும் முட்டும் எண்ணிக் குடுத்தாச்சு, தம்பி மூஞ்சிய நீட்டிக்கொண்டுதான் ஏத்தி விட்டான். கோப்பும் திறந்தன், நம்பர் போட்டு.

ஒரு கிழமைக்குள்ள மோட்டச்சைக்கிள்ல ஒருத்தர் வந்தார். கொம்பனி அவர்ரயாம். எங்கட கொந்தராத்துக்காரர் அவர்ர தங்கச்சிர புருஷன். “என்ர பதிவ வச்சு இஞ்ச வேலை நடந்தது எனக்கு உங்கட கடிதம் வந்துதான் தெரியும் தங்கச்சி” எண்டார். தேத்தண்ணி குடிக்கல்ல. சிலாப்ப மட்டும் மேல ஏறிப் பார்த்திட்டுப் போனார். அடுத்த நாள் வெள்ளாப்பில கொந்தராத்துக்காரர்ர கோல்: “அக்கா, ஒழுக்கப் பாக்க எப்ப வாறது?”

வந்தார், பார்த்தார், சுவர் ஓர ஒழுக்க ஒத்துக்கொண்டார். காசுக் கதை வந்த உடன பழையபடி. அதால மத்தியஸ்த சபைக்குப் போட்டன். ரெண்டு சனிக்கிழமை, பாடசாலை வகுப்பறையில, சின்னப் பிள்ளைகள்ர வாங்கில முழங்கால் முட்ட முட்ட இருந்தம்.

முதல் சனி குறை. அரை மணித்தியாலத்தில முடிஞ்சு. “பைப்பு என்ர வேலை இல்லையெண்டு அக்காவே எழுதியிருக்கா, மிச்சத்த நான் செய்றன்” எண்டார். வேற ஒண்டும் சொல்லல்ல. தண்ணி ஊத்தினதப் பற்றி ரெண்டு பேருமே வாய் திறக்கல்ல.

ரெண்டாம் சனி கணக்கு. அது ரெண்டு மணித்தியாலம் போச்சு. குசினிக்கு நாலு லைற் பொயின்ற் கூடப் போட்டது எண்டார், நான் கேக்கவே இல்ல எண்டன். போன எடுத்து ஒரு படம் காட்டினார். சுவரில ஒரு கை, இஞ்ச எண்டு விரல் நீட்டி. கையில என்ர வளையல். தலைவரா இருந்த ஐயா கண்ணாடியக் கழட்டித் துடைச்சார், சிரிப்ப அடக்கத்தான் எண்டு நினைக்கிறன்.

1 லட்சத்து 85இல 1 லட்சத்து 5 ஆயிரத்துக்கு இணங்கினம். மிச்சத்தோட சேர்த்து 3 லட்சத்து 65 ஆயிரம். அதில திருத்த வேலை முடிய 2 லட்சத்து 75, மற்ற 90 ஆயிரம் 2025 டிசம்பர் கடைசியில, ஒரு மாரி பார்த்த பிறகு. நானா, உங்கட 93 ஆயிரத்தத்தான் மனசில வச்சுக் கேட்டன். எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. அதிகார சபைக்கும் இணக்கம் வந்ததெண்டு அறிவிச்சிட்டன், அங்க விசாரணைக்குத் திகதி வர முதலே இது முடிஞ்சு போச்சு. உப்புச் சுவர் என்ர பக்கத்துக்கு விழுந்திட்டு, கிணத்துத் தண்ணிக்கு ஆரோட வழக்குப் பேச?

வேலை போன கிழமை முடிஞ்சு. சுவர் ஓரத்த வீ மாதிரி வெட்டி, சாந்து அடைச்சு, வலை வச்சு, பழைய சுவரில அரை அடி ஏத்தி வாட்டர்புரூவ் ரெண்டு பூச்சு. அதுக்கு மேல வாட்டம் வச்சுச் சாந்து. குளியலறைத் தரை 20 டைல்ஸும் கழட்டித் திரும்பப் பதிச்சது. 48 மணித்தியாலம் தண்ணி கட்டி நானே கீழ நிண்டு பார்த்தன், காய்ஞ்சு கிடக்கு. பைப்ப பிளம்பர் பொடியன் வந்து அடைச்சான், அதுக்கு 6,500 என்ர காசு. மூலை வெடிப்பு பென்சில் கோட்டத் தாண்டல்ல, ரி.ஓ. ஐயா.

அம்மா பொங்கல் பானையத் தேய்ச்சு உள்ளுக்கு வச்சிட்டா.

---

பழைய ரி.ஓ. (செங்கலடி)
2025 பெப்ரவரி 24, காலை 5.45

நல்லது மகள். தாங்கி நிக்கிற இடத்துக்குக் கீழயும் அந்தப் பூச்சு போச்சா? இல்லாட்டித் தாங்கி நிரம்பி வழியுற நாளில பாத்துக்கொள்ளுங்க.

---

வாவிக்கரை
2025 பெப்ரவரி 24, காலை 8.30

அக்கா, எங்கட வீட்டிலயும் சிலாப் ஒழுக்கு. அந்த வாட்டர்புரூவ் என்ன பேர்?

---

இலிகிதர் அக்கா (நாவற்குடா)
2025 பெப்ரவரி 24, பகல் 12.50

இப்ப ஒபிசில இரிக்கிறன் தம்பி. வெறும் வாளி பின்வளவில கவிழ்த்துக் கிடக்கு, பின்னேரம் போய்ப் பார்த்துச் சொல்றன். முதல்ல நீங்க வரம்பு கட்டித் தண்ணி விட்டுப் பாருங்க, பைப்படி வேறயா.

ஐயா, தாங்கிக்குக் கீழ போகல்ல. கேட்டுப் பாக்கிறன்.